நிழலுக்கு விரித்த படுக்கை

எலியைப் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் முதலில் ஒன்றையே கேட்டார்கள். தூங்குகிறதா?

சாப்பிட்டதா, ஓடுகிறதா என்று கேட்டவர்கள் குறைவு. தமயந்தி இதைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறாள். இரவெல்லாம் விழித்துக் கிடப்பவர்களுக்கு, தங்களில் ஒரு பகுதியாவது எங்கோ நிம்மதியாக உறங்குகிறது என்று தெரிந்தால் போதுமாக இருந்திருக்கலாம்.

அவள் கால்நடை மருத்துவர். நீலகிரியில், தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே இருந்த ஒரு புற்றுநோய் மருத்துவமனையின் எலிக்கூடம் அவள் பொறுப்பில் இருந்தது. அங்கிருந்த ஒவ்வோர் எலியும் ஒரு மனிதருடையது. நோயாளியின் ஈரலிலிருந்து ஊசிமுனை அளவு சதையை எடுத்து எலியின் ஈரலில் வளர்ப்பார்கள். கொஞ்ச நாளில் எலிக்குள் இருப்பது பெரும்பாலும் அந்த மனிதரின் ஈரலாகவே ஆகிவிடும். அதன் பிறகு மருந்தை எலிக்குக் கொடுத்துப் பார்ப்பார்கள். அதன் உடம்பில் மருந்து எவ்வளவு நேரம் நிற்கிறது, எவ்வளவு வேகமாகக் கரைகிறது என்பதை வைத்து மனிதருக்கு உரிய அளவைக் கணினி சொல்லும். அந்த அளவுக்கு மேல் ஒரு துளியும் கொடுக்கக் கூடாது. ஒரு புதிய மருந்து ஒரே மழைக்காலத்தில் நாடெங்கும் பலரைக் கொன்ற பிறகு வந்த சட்டம் அது. சட்டப் புத்தகத்தில் இந்த எலிக்கு நீளமான பெயர் ஒன்று இருந்தது. மக்கள் நிழல் என்றார்கள்.

சட்டம் வந்ததும், மனித ரத்தத்தில் மருந்தின் அளவைச் சோதிக்கும் வழக்கம் நின்றுபோனது. நிழல் இருக்கும்போது மனிதரை எதற்குக் குத்த வேண்டும்? அதை ஒரு கருணையாகவே எல்லோரும் நினைத்தார்கள். தமயந்தியும் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

ஊரின் பேச்சு மெல்ல மாறியது. புற்றுநோய் என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. “அவருக்கு நிழல் இருக்குதாம்” என்றால் போதும். பெண் பார்க்க வருகிறவர்கள், வீட்டில் யாருக்காவது நிழல் உண்டா என்று சுற்றி வளைத்து விசாரித்தார்கள். புதன்கிழமைகளில் குடும்பங்கள் எலிக்கூடத்தின் நீளமான கண்ணாடிச் சுவருக்கு வெளியே வந்து நிற்கும். இப்படி ஓர் ஏற்பாட்டை மருத்துவமனை செய்யவில்லை. யாரோ ஒரு தாய் அழுது கேட்டு ஒருநாள் அனுமதித்தது, பிறகு நிறுத்த முடியவில்லை. பிள்ளையார் சதுர்த்தி அன்று கண்ணாடி ஓரத்தில் கொழுக்கட்டை வைத்துவிட்டுப் போனார்கள். எலிகளுக்கு அதைக் கொடுக்க முடியாது என்று தமயந்தி சொன்னாள். “நீங்க சாப்பிடுங்க, அதுக்குப் போய்ச் சேரும்” என்று ஒரு பெரியவர் பதில் சொன்னார்.

அந்தக் கூட்டத்தில் சத்தமாகச் சிரிக்கிற ஒரே ஆள் மகுடபதி. தேயிலையைப் பரிசாகக் கொடுக்க வாங்குகிறவர்களுக்காக மரப்பெட்டி செய்கிற தச்சர். கோயம்புத்தூர்ப் பக்கம் பிறந்து, இளவயதில் மலையேறி, சைப்ரஸ் மரத்தை அறுத்து இழைத்தே காலத்தை ஓட்டியவர். அவர் ரத்தத்தில் வெள்ளணுக்கள் தறிகெட்டுப் பெருகிக்கொண்டிருந்தன.

“ஏனுங் டாக்டரம்மா, நம்மாளு தூங்கறானா?”

“தூங்கிட்டுத்தான் இருந்தது. நீங்க வந்து எழுப்பிட்டீங்க.”

“எந்திரிச்சு என்னத்தக் கிழிக்கப் போறான்? வேளாவேளைக்குத் தீனி, கண்ணாடி வெச்ச வீடு. நா இப்பிடி ஒரு பொட்டிக்குள்ள படுத்துக்கிட்டா இவ சோறு போடுவாளா கேளுங்க.”

“போடறேன், போடறேன்” என்றாள் அவர் மனைவி சொர்ணம். “மொதல்ல வாய மூடிட்டு ஒரு நாளாவது படுங்க. ஆஸ்பத்திரிக்கு வாரப்பவாச்சும் தலையத் தட்டிட்டு வரப்படாதா? பாருங்க டாக்டரம்மா, தூளு.”

அவர் தலையிலும் சட்டைக் காலரிலும் மரத்தூள் படிந்திருந்தது. ஊசி போட்டுக்கொள்ளும் நாளிலும் பட்டறையிலிருந்து நேராக வருகிறவர். தமயந்தி அதைப் பார்த்தாள். புதன்கிழமைதோறும் பார்த்தாள். பார்த்ததோடு சரி.

*

அந்த ஆண்டு மழை விடவே இல்லை. கூண்டுகளில் அரைத்த மக்காச்சோளச் சக்கையைத்தான் படுக்கையாகப் போடுவார்கள். அது சமவெளியிலிருந்து லாரியில் வர வேண்டும். மலைச்சாலை சரிந்து லாரிகள் கீழேயே நின்றுவிட்டன. கைவசம் இருந்த மூட்டைகளில் ஈரம் ஏறிப் பூஞ்சை பிடித்தது. அதை விரித்த இரண்டாம் நாளே எலிகள் தும்மத் தொடங்கின. படுக்கை மூத்திரத்தை உறிஞ்சாததால் கூடம் முழுக்கக் கண் எரிகிற நெடி. காகிதத்தைக் கிழித்துப் போடலாம். இருந்த காகிதம், புதிதாக வரும் எலிகளைத் தனியே வைக்கிற சின்ன அறைக்குத்தான் காணும்.

கண்ணாடிக்கு வெளியே நின்ற சொர்ணம் சிரிக்கவில்லை.

“ஈரத்துல கெடக்குதுங்களே, டாக்டரம்மா.”

“லாரி வரணும்மா. ரெண்டு நாள்ல வந்துரும்.”

“அது வாரப்ப வரட்டுங்க. எங்க பட்டறைல மரம் இழைச்ச சுருளு மலையாட்டம் கெடக்குது. பஞ்சு மாதிரி இருக்கும். கொண்டாந்து போட்டா ஆகாதுங்களா? இவுருக்கெல்லாம் அந்த வாசம் இல்லாட்டித் தூக்கமே வராது.”

மறுநாள் மூட்டைகளாக வந்து இறங்கியது. வெளுத்த, மெல்லிய, காய்ந்த சுருள். கையில் அள்ளியபோது ஒரு கணம் மழையையே மறக்கச் செய்த வாசனை.

தேவதாரு, பைன் மரச் சுருள்களை எலிக்குப் போடக் கூடாது என்று தமயந்தி கல்லூரியில் படித்திருந்தாள். சுவாசத்துக்கு ஆகாது என்று எழுதியிருந்தது. சைப்ரஸைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. எழுதியவர் இந்த மலையில் வாழ்ந்தவர் இல்லை. இங்கே கம்பளி வைக்கிற பெட்டியும் அரிசி வைக்கிற பெட்டியும் அந்த மரத்தில்தான். பூச்சி அண்டாது. பிள்ளைக்குத் தொட்டில் செய்தாலும் அதில்தான் செய்வார்கள். சுத்தம் என்றால் மலைக்காரர்களுக்கு நினைவுக்கு வருவது அந்த வாசனை. இவ்வளவு காலம் இங்கே இருந்த பிறகு அவளுக்கும் அப்படித்தான்.

அவள் சுருளை நீராவியில் வேகவைத்துக் கிருமி நீக்கினாள். மரத்திலுள்ள எண்ணெயும் அதோடு போய்விடும் என்று நினைத்தாள். காய்ந்த பிறகும் வாசனை கொஞ்சம் மிச்சமிருந்தது. மருத்துவமனையின் தலைமை மருத்துவர் ஃபெலிக்ஸ் ஒரு பிடி எடுத்து முகர்ந்து பார்த்துச் சிரித்தார்.

“நம்ம வார்டுக்கும் ரெண்டு மூட்டை போடச் சொல்லுங்க. தும்மல் நின்னா சரி, தமயந்தி.”

தும்மல் நின்றது. எலிகள் சுருளைக் குடைந்து கூடு கட்டிக்கொண்டன. ஒன்றின் மேல் ஒன்று தலைவைத்து உறங்கின. புதன்கிழமை வந்தவர்கள் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றார்கள். ஓர் அங்கன்வாடி ஆசிரியை, தெய்வானை என்று பெயர், தன் நிழலைப் பார்த்துவிட்டு, “எங்கம்மா வீட்டுல இருந்தாக்கூட இப்பிடித் தூங்க மாட்டேன்” என்றாள். லாரிகள் வரத் தொடங்கிய பிறகும் பழைய சக்கையைக் கொண்டுவந்து கொட்ட தமயந்திக்கு மனம் வரவில்லை. சொர்ணம் வாரம் தவறாமல் மூட்டை அனுப்பினாள்.

*

மருந்தின் அளவு ஏறியது. ஒவ்வொரு சோதனையிலும் எலிகள் மருந்தை அநாயாசமாகக் கரைத்தன. கணினி ஒவ்வொரு நோயாளிக்கும் அளவைக் கொஞ்சம் கூட்டியது. நல்ல செய்தி என்றே எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். உடம்பு தேறி வருகிறது, அதனால் தாங்குகிறது.

முதலில் தெய்வானையின் கண் மஞ்சளானது. பிறகு வாய் முழுக்கப் புண். தண்ணீர்கூட இறங்காமல் ஒரு வாரம் கிடந்து அவள் போய்விட்டாள். அடுத்து லூர்துசாமி என்ற தபால்காரர். மற்றவர்களும் ஒருவர்பின் ஒருவராக வார்டுக்கு வந்து சேர்ந்தார்கள்.

“நோய் முத்திருச்சு” என்றார் ஃபெலிக்ஸ். அவர் குரலில் நம்பிக்கை இல்லை. “ஆனா எல்லாருக்கும் ஒரே சமயத்துல எப்படி முத்தும்? மகுடபதிக்கு மட்டும் ஒண்ணும் இல்ல. அதே அளவு மருந்து. மனுஷன் நேத்து வந்து நர்ஸைக் கிண்டல் பண்ணிட்டுப் போறார். ரத்தம் அவ்வளவு சுத்தமா இருக்கு.”

“உடம்பு வாகு, சார்.”

“இருக்கும். மரம் தூக்கற உடம்பு.”

இருவரும் அதை அத்துடன் விட்டுவிட்டார்கள்.

விஷயம் வெளிப்பட்டது ஒரு கடியில். ஈரலிலிருந்து துளி எடுப்பதற்காக எலிகளுக்கு மயக்க ஊசி போட்டுக்கொண்டிருந்தார்கள். உடன் வேலை செய்த போஜன் வலியில் கையை உதறினான்.

“மருந்து பழசாயிருச்சா மேடம்? வேலை முடியறதுக்குள்ள முழிச்சுக்குது. இந்த வாரம் பூரா இப்படித்தான்.”

“புது பாட்டில் போஜன். காலைல சின்ன அறைல இதத்தானே போட்டோம்.”

சொல்லிவிட்டு அவள் நின்றாள். சின்ன அறையில் ஊசி போட்ட எலிகள் இன்னும் எழவில்லை. அவள் போய்ப் பார்த்தாள். கிழித்த காகிதத்தின் மேல் அவை ஆழ்ந்து மூச்சுவிட்டுக்கொண்டிருந்தன. திரும்பி வந்து பெரிய கூடத்தைப் பார்த்தாள். அவற்றுக்குப் பிறகு ஊசி போட்ட எலிகள் சுருளுக்குள் ஏற்கெனவே நடமாடிக்கொண்டிருந்தன. அதே பாட்டில், அதே அளவு. வேறாக இருந்தது கீழே விரித்திருந்தது மட்டும்தான்.

போஜன் கையைக் கழுவிக்கொண்டு வருவதற்குள் அவள் ஃபெலிக்ஸின் அறைக்குப் போயிருந்தாள்.

“சொல்லுங்க” என்றார் ஃபெலிக்ஸ்.

“அந்த மரத்தோட எண்ணெய், சார். முழுசா போகல. எலி ராத்திரி பகலா அதுலயே படுத்து அதையே மூச்சா இழுக்குது. ஈரலுக்கு அது அழுக்கு. வாசல்ல நாள் முழுக்கக் குப்பை வந்து விழுந்தா என்ன பண்ணுவோம்? பெருக்கறதுக்கு ஆளக் கூட்டுவோம். ஈரலும் கூட்டிருச்சு. அப்புறம் நாம கொடுக்கற மருந்தும் அந்த ஆளுங்களுக்குக் குப்பைதான். உடனே பெருக்கித் தள்ளிடறாங்க.”

“எலிக்கு மருந்து சீக்கிரம் கரையுது. அதனால நாம ஏத்தறோம்.”

“ஆமா.”

“வார்டுல இருக்கற மனுஷனுக்கு அத்தனை ஆள் கிடையாது.”

“இல்ல சார்.”

ஃபெலிக்ஸ் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். வெளியே பனி வந்து மரங்களை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தது.

“படுக்கைய மாத்துங்க. ஈரல் பழையபடி ஆக எவ்வளவு நாள்?”

“ரெண்டு மூணு வாரம்.”

“அதுவரைக்கும் எல்லாருக்கும் அளவைப் பாதியாக் குறைக்கறேன். குறைக்கறதுக்குச் சட்டம் தடுக்காது.”

“குடும்பங்களுக்கு?”

“மேல எழுதறேன். அவங்க சரின்னு சொல்லட்டும், அப்புறம் நாம குடும்பங்களுக்குச் சொல்லலாம்.”

மேலே இருந்து பதில் வந்தது. பராமரிப்பு முறை சீர்செய்யப்பட்டதைக் குறித்துக்கொண்டதாகவும், விசாரணை முடியும்வரை வெளியாருடன் இதுபற்றிப் பேச வேண்டாம் என்றும் இருந்தது. தமயந்தி அதைப் படித்தபோது முதலில் உணர்ந்தது ஓர் ஆறுதல். பிறகு நெடுநாள் அவள் தன்னை வெறுத்தது அந்த ஆறுதலுக்காக.

எல்லாக் கூண்டுகளிலும், லாரியில் வந்த காகிதத்தை விரித்தார்கள். வார்டில் இருந்தவர்களின் புண்கள் ஆறின. கண்களின் மஞ்சள் வெளுத்தது. ஒருவர் எழுந்து நடந்தார். உயிர்கள் திரும்பி வருவதைத் தமயந்தி தன் கண்ணாலேயே பார்த்தாள். தான் செய்தது சரி என்பதற்கு அதைவிட என்ன வேண்டும்?

சொர்ணம் அடுத்த மூட்டையுடன் வந்தபோது தமயந்தி அவளை வாசலிலேயே நிறுத்தினாள்.

“இனிமே வேண்டாம்மா.”

“ஏனுங்க? வண்டு கிண்டு இருந்துச்சா? நா சலிச்சுத்தானே போட்டேன்.”

“அதெல்லாம் இல்ல. புது விதி. காகிதம்தான் போடணும்னு.”

“வாசம் புடிக்கலீங்களா அதுகளுக்கு?”

தமயந்தி வாயைத் திறந்தாள். தெய்வானையின் தாய் இதே வாசலில் உட்கார்ந்து அழுதது நினைவுக்கு வந்தது. அந்த அழுகையைக் கொண்டுபோய் இந்தப் பெண்ணின் தலையில் எப்படி வைப்பது? அன்பாகக் கொண்டுவந்தாள். விஷம் என்று தெரிந்தால் செத்துப்போவாள். சொல்லாமல் இருப்பதே நல்லது. அப்படித்தான் அவள் தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

“விதிம்மா” என்றாள் மறுபடியும்.

சொர்ணம் மூட்டையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். உதவிக்குப் போன போஜனை வேண்டாம் என்று விலக்கிவிட்டு, தேயிலைக்கு நடுவே இறங்குகிற படிகளில் போனாள்.

*

மகுடபதியின் ரத்தத்தில் வெள்ளணுக்கள் மறுபடி ஏறின.

முதல் முறை ஃபெலிக்ஸ் அதைப் பிழை என்று நினைத்து மறுபடி சோதித்தார். பிழை இல்லை. எல்லோருக்கும் உயிர் கொடுத்த குறைந்த அளவு, அவருக்கு மட்டும் தண்ணீரைப் போல இருந்தது.

“ஏத்தணும்” என்றார் ஃபெலிக்ஸ். “பழைய அளவுக்கு ஏத்தினா அடங்கும்னு எனக்குத் தெரியுது. கணினி விடமாட்டேங்குது. அவரோட எலி இந்த அளவே போதும்னு சொல்லுது. அதுக்கு மேல கேட்டா கணினி மருந்துப் பெட்டியவே திறந்து விடாது.”

“எலி நல்லாத்தான் இருக்கு சார். மூணு தடவை பாத்துட்டேன்.”

“எலி நல்லா இருக்கு. மனுஷன் போய்ட்டு இருக்கார்.”

புதன்கிழமைகளில் மகுடபதி வந்துகொண்டுதான் இருந்தார். கண்ணாடிக்கு முன்னால் நிற்க முடியாமல் நாற்காலி கேட்டார். தலையில் தூள் இருந்தது, அடியில் முடி மெலிந்திருந்தது.

“காயிதத்துல போட்டுட்டீங்க நம்மாள. வக்கீல் குமாஸ்தா மாதிரி படுத்திருக்கான்.”

யாரும் சிரிக்கவில்லை. அவரே சிரித்தார், இருமல் வந்தது. சொர்ணம் அவர் முதுகைத் தடவிக்கொண்டு, தமயந்தியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு அவர் வரவில்லை. வார்டில் சேர்க்கலாம் என்று ஃபெலிக்ஸ் ஆள் அனுப்பினார். பட்டறையை விட்டு வர மாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டார். இனி அதிகம் போனால் ஒரு வாரம் என்றார் ஃபெலிக்ஸ். சொல்லிவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்பவும் போட்டுக்கொள்ளவில்லை.

அன்று பிற்பகல் தமயந்தி படிகளில் இறங்கிப் போனாள். எதற்குப் போகிறோம் என்பது அவளுக்குத் தெளிவாக இருந்தது. உண்மையைச் சொல்ல வேண்டும். சுருளை ஏன் நிறுத்தினோம் என்று சொல்ல வேண்டும். புருஷன் சாகிற நேரத்தில், தன் மேல் ஏதோ குறை இருப்பதாக இந்தப் பெண் நினைத்துக்கொண்டிருக்கக் கூடாது. அவ்வளவுதான். அது மகுடபதியைக் காப்பாற்றாது. ஆனாலும் ஒரு மனிதப் பிறவி இன்னொன்றுக்குச் செய்ய வேண்டியது.

பட்டறையும் வீடும் ஒன்றுதான். தகரக் கூரையின் கீழே ஒரு பாதியில் இழைப்பு யந்திரம், மறுபாதியில் அடுப்பு. நடுவில் சாக்கு தொங்கியது. சாக்குக்கு அந்தப் பக்கம் மகுடபதி படுத்திருந்தார். அவர் மூச்சு இங்கே கேட்டது. சொர்ணம் ஒரு பெட்டி மூடியைக் கவிழ்த்துப் போட்டு அவளை உட்காரச் சொன்னாள்.

“டீ போடட்டுங்களா?”

“வேண்டாம். உக்காருங்க. ஒண்ணு சொல்லணும்.”

சொர்ணம் தரையில் உட்கார்ந்தாள். கூரையில் தூறல் விழுந்து நின்றது. அதற்குப் பிறகு தமயந்தி சொல்லத் தொடங்கினாள்.

“நீங்க கொண்டுவந்த சுருள நிறுத்தினது விதியால இல்லம்மா. நான் பொய் சொன்னேன். அந்த மரத்துல ஒரு எண்ணெய் இருக்கு. அதுலயே படுத்துக் கிடந்தா ஈரல் மாறிப்போகுது. எந்த மருந்து குடுத்தாலும் சீக்கிரமே கரைச்சுடுது. எலிங்களுக்கு அப்படி ஆயிருச்சு. அது தெரியாம நாங்க மனுஷங்களுக்கு மருந்த ஏத்திட்டோம். சிலபேர் போயிட்டாங்க. தப்பு என்னோடது. படிச்சவ நான். உங்க மேல ஒண்ணும் இல்ல. அதச் சொல்லத்தான் வந்தேன்.”

சொர்ணம் அழுவாள் என்று அவள் எதிர்பார்த்தாள். சொர்ணம் அழவில்லை. புருவத்தைச் சுருக்கிக்கொண்டு கேட்டதைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறக்குகிறவள் போல இருந்தாள்.

“அதுலயே கெடந்தா ஈரலு மாறீருங்களா?”

“ஆமா.”

“எலிக்கு மட்டுந்தானுங்களா?”

“இல்ல, யாருக்குன்னாலும்...”

“அப்போ இவுருக்கு?”

தமயந்தி நிமிர்ந்தாள்.

“இவுரு சின்ன வயசுலருந்து அதுலதானுங்களே கெடக்கறார். நாள் பூரா இழைக்கறார். தூளத்தான் மூச்சா விடறார். தலவாணிக்குள்ள பஞ்சு ஆகாதுன்னு சுருளத்தான் அடைச்சு வெச்சிருக்கறார். எலிக்கே ஈரலு மாறும்னா இவுருக்கு மாறாதுங்களா?”

தமயந்திக்குள் ஒவ்வொன்றாகத் தன் இடத்தில் போய் உட்கார்ந்தது. காலரில் தூள். அதே அளவு மருந்து, அவருக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. உடம்பு வாகு என்று அவளே சொன்னாள். கூடத்தில் இருந்த அத்தனை எலிகளுக்கும் சுருள் பொய்ப் படுக்கை. ஒரே ஓர் எலிக்கு மட்டும் அது மெய். அந்த எலி தன் மனிதரைப் போலவே வாழ்ந்தது. அவரைப் போலவே மருந்தைக் கரைத்தது. அவருக்கு வேண்டிய அளவைச் சரியாகச் சொல்லிக்கொண்டிருந்தது. அவள்தான் அதைத் தூக்கிக் காகிதத்தில் போட்டாள். அன்றிலிருந்து அது வேறு யாரோ ஒருவருடைய நிழல்.

“சொல்லுங்க டாக்டரம்மா.”

“மாறியிருக்கும்” என்றாள் தமயந்தி. “நீங்க சொல்றதுதான் சரி. அவரோட எலிக்கு மட்டும் அந்தச் சுருள் இருந்திருக்கணும். நான்தான் எடுத்துட்டேன்.”

“மறுக்காப் போட்டா?”

“எலிக்கு ஈரல் மாற ரெண்டு மூணு வாரம் ஆகும். அப்புறம்தான் கணினி மருந்த ஏத்த விடும்.”

“இவுர இங்கிருந்து தூக்கீட்டுப் போயி வேற எடத்துல படுக்க வெச்சா?”

“அதுக்கும் அவ்வளவு நாள்.”

சாக்குக்கு அப்பால் மூச்சு இழுபட்டு, நின்று, மறுபடி தொடங்கியது. சொர்ணம் தரையில் கிடந்த ஒரு சுருளை விரலில் சுற்றினாள். அது ஒடிந்தது. அவள் குரலை உயர்த்தவே இல்லை.

“அன்னிக்கு வாசல்ல நின்னப்ப இதச் சொல்லீருந்தீங்கன்னா, அன்னிக்கே நா இதக் கேட்டிருப்பனுங்களே.”

அந்த வாசனை தமயந்தியைச் சுற்றி எங்கும் நிறைந்திருந்தது. எழுந்து வெளியே ஓட வேண்டும் போல இருந்தது. எழவில்லை. மன்னிப்பு என்ற சொல் நாக்கு வரை வந்தது. அதைச் சொல்வதுகூட எதையோ கேட்பதுபோல் ஆகும் என்று விழுங்கினாள்.

உள்ளேயிருந்து மெலிந்த குரல் வந்தது.

“யாரு புள்ள? டாக்டரம்மாளா? என்னவாம்?”

சொர்ணம் தமயந்தியைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருக்கலாம். சாவகாசமாக, எதையோ எடைபோடுகிறவள் போலப் பார்த்தாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சாக்கின் பக்கம் திரும்பினாள்.

“ஒண்ணுமில்லீங்க” என்றாள். “சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தாங்களாம். நீங்க படுங்க.”